நான் முதல் பரிசு கொடுத்த பேச்சு

சரித்திர வாத்தியார்களே, திருப்பூரில் நம் பிழைப்பு உங்களுக்குத் தெரியும்: பி.காமில் இடம் கிடைக்காதவர்கள்தான் நம் பெஞ்சுக்கு வருவார்கள். பேச்சுப் போட்டிக்கு நடுவர் வேண்டும் என்றால் மட்டும் எல்லாரும் நம்மைத் தேடுவார்கள்.

நல்ல குரல்

பனியன் ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா வரம்பை நீக்கிய புதிது. கார்த்திகேயன் எங்கள் கல்லூரியில் பி.காம். அப்பாவுக்கு ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி. 'நான் போற்றும் தலைவர்' போட்டியில் அவன் ஜெர்மனியின் நாஜித் தலைவரைப் பற்றிப் பேசினான். ஒழுக்கம், கட்டுப்பாடு, நாட்டையே நிமிர்த்தியவர் என்று ஏற்ற இறக்கத்தோடு பொழிந்தான். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றது பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உறுத்தியது. ஆனால் அரங்கமே கைதட்டியது; எனக்கும் பசி. குரலுக்கு மார்க் போட்டு முதல் பரிசைக் கொடுத்துவிட்டேன். பக்கத்திலிருந்த முதல்வர் குனிந்து சொன்னார்: "பையன் கம்பெனிய நல்லா நடத்துவான் பாருங்க."

விருந்து

படிப்பு முடிந்து அப்பாவோடு கம்பெனியில் உட்கார்ந்தான். ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்கும் வயதான பையர் ஒருவர் வந்திருந்தார். அவரைக் குளிர்விக்க நினைத்து, சாப்பாட்டு மேஜையில் அதே பேச்சை ஆங்கிலத்தில் எடுத்துவிட்டிருக்கிறான். அவர் யூதர்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தான். நடந்ததைச் சொன்னான். "திட்டினாரா?" என்றேன்.

"இல்லீங்க சார். ஸ்பூனக் கீழ வெச்சுட்டு, முகாம்ல செத்துப்போன அவங்க ஊட்டு ஆளுங்க பேர ஒண்ணொண்ணாச் சொன்னாருங்க. கடைசிப் பேரு நாலு வயசுப் புள்ளையோட பேருங்களாமா. இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே சார்."

மாதா

அந்த வாரமே, புத்தகத்தில் மூன்று வரியாக இருந்த யூத வெறுப்பை முழு வகுப்பாக எடுத்தேன். ஜெனிபர் எழுந்தாள். தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா அருள்புரத்தில் பனியன் செக்கிங் வேலை. "ஏசுவக் கொன்னவங்கதான சார் அவங்க?" என்றாள். சிலுவையில் அறைந்தது ரோமாபுரிச் சிப்பாய்கள், ஏசுவே யூதர், மாதாவும் யூதப் பெண், இந்தப் பழியைச் சொல்லியே ஐரோப்பாவில் காலங்காலமாக யூதர் வீடுகளைக் கொளுத்தினார்கள் என்றேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். "அம்மாட்ட சொன்னேன் சார். ரொம்ப நேரம் மாதா படத்தையே பாத்துட்டு இருந்தாக. 'இத்தன வருசமா ஒருத்தரும் நம்மட்ட சொல்லலியேட்டி'ன்னாக."

நடந்து முடிந்ததைச் சொல்வதுதான் சரித்திர வாத்தியார் வேலை என்பதாலோ என்னவோ, எதையும் நடப்பதற்கு முன்னால் சொல்ல எனக்கு வாய்த்ததே இல்லை.