திருப்பிப் பார்க்காத ஒரே இடம்

எம்மட் டாக்கெட்டின் உலகம் நூற்றைம்பது அடி. சமையலறை மேடையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் நூற்றைம்பதாவது அடியில் நின்றுவிட வேண்டும். வீட்டுக்காவல் தொடங்கிய முதல் வாரமே அந்த எல்லையை அளந்து, தோட்டத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கொடிகளை அவரே நட்டார். தெற்கு ஒஹாயோவில் முப்பது வருடம் பொக்லைன் ஓட்டியவர். தோண்டும் முன் கொடி நடுவது தொழில் பழக்கம். இந்த முறை கொடிகளுக்குள் அகப்பட்டது அவரேதான்.

மனைவி நாடீன் இறந்த பிறகு குடிப்பழக்கம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலை, மகள் கொரீனைப் பக்கத்தில் உட்கார வைத்து வண்டி ஓட்டி வந்தார். நாற்சந்தியில் அவள் கேட்டாள், "ஏதாவது வருதாப்பா?" தலையைக்கூடத் திருப்பாமல் அவர் சொன்னார், "ஒண்ணுமில்லம்மா."

லாரி வந்தது. அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. கொரீன் ஏழு மாதம் படுத்திருந்து, கைத்தடியோடு எழுந்தாள்.

நீதிமன்றம் கொடுத்தது பதினோரு மாத வீட்டுக்காவல். கணுக்காலில் பட்டை, எப்போதும் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள். மகள் கொடுத்தது அதைவிடக் கடுமையான தண்டனை. ஒரே ஒரு முறை போனில் பேசினாள்.

"பதினோரு மாசமும் ஒரு தப்பு இல்லாம முடிங்க. பட்டையக் கழட்டுற அன்னிக்கு பாப்பாவத் தூக்கிட்டு வர்றேன். நடுவுல ஒரு தடவ மீறினாலும் வரமாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்."

பாப்பாவின் பெயர் டெல்லா. பேத்தியின் முகத்தை எம்மட் இன்னும் பார்க்கவில்லை.

கூட வசித்த தங்கை ரோசலி, பள்ளிச் சமையலறை வேலைக்குப் போகுமுன் தன் பழைய லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். செயற்கைக்கோள் வரைபடத்தில் எல்லோரும் முதலில் தேடுவது சொந்த வீட்டைத்தான். அவரும் தேடினார். பழைய வருடங்களின் படங்களும் அதில் இருந்தன. ஒன்றில் கொல்லையில் துணி காயப்போடும் கொடியில் நான்கு வெள்ளைப் புள்ளிகள். நாடீன் உலர்த்திய படுக்கை விரிப்புகள். வானத்திலிருந்து யாரோ எடுத்துவைத்த அந்த நான்கு புள்ளிகளைப் பார்த்து, ஐம்பத்தாறு வயது மனிதர் மேசையில் தலை கவிழ்த்து அழுதார்.

பிறகு வீட்டுப் பக்கம் போகவே பயந்து வெகுதூரம் போனார். பெட்ராவின் மலைப் பிளவுகள், அங்கோரின் சதுர அகழிகள், பெரு நாட்டுப் பாலைவனத்தில் கிழித்த நேர்கோடுகள். காலில் பட்டையோடு அத்தனை சுவர்களையும் தாண்டினார். மாலையில் ரோசலி வந்து அவரை எகிப்திலிருந்து கூப்பிட்டு பீன்ஸும் சோளரொட்டியும் போடுவாள்.

அப்படித்தான் அந்தத் தன்னார்வலர் குழு கிடைத்தது. பழைய நகரங்களில் புதையல் திருடர்கள் தோண்டிய குழிகளை மேலிருந்து கண்டு குறித்துக்கொடுப்பது அவர்கள் வேலை. குழுவை நடத்தியவள் ஒடெட் கோமோ. நோவா ஸ்கோஷியாவில் படகுத்துறைச் சீட்டு கொடுத்து ஓய்வு பெற்றவள். அவளிடம் ஒரே சட்டம்: எதையும் பள்ளம் என்றோ மேடு என்றோ சொல்லுமுன் படத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். பூமியின் வடபாதியில் வெயில் தெற்கிலிருந்து விழுகிறது. படத்திலோ தெற்கு கீழே இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம்பும் கண்ணுக்கு மேடெல்லாம் பள்ளமாகத் தெரியும். திருப்பினால் உண்மை தெரிந்துவிடும்.

"திருப்பினீங்களா?" என்பதுதான் அவள் யாருக்கும் சொல்லும் வணக்கம். எம்மட் திருப்பினார். சிரியாவை, ஈராக்கை, அத்தனை தேசங்களையும் திருப்பினார். மண்ணோடு வாழ்ந்த கண் அது; குழுவில் அவர் குறித்த குழிகள் தவறியதே இல்லை. தன் காலில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் ஒடெட்டிடம் அவர் சொன்னதில்லை.

காவல் முடிய இருபத்தாறு நாள் இருந்தபோது, பின்பக்க நிலத்துக்காரன் ஹார்லன் ரக்கெல் வேலியருகே வந்து நின்றான். வழக்கம்போல வம்பிழுத்தான்.

"என்ன எம்மட், இன்னிக்குக் கொலுசு சத்தத்தையே காணோம்?"

"உன் வாய் ஓயட்டும்னு காத்திருக்கு."

முட்புதர் மண்டிய மூலையைச் சமன்படுத்தி, இயந்திரக் கொட்டகை போடப்போவதாக ஹார்லன் சொன்னான். அந்தப் புதருக்குள் அவன் தாத்தா காலத்திலிருந்தே யாரும் நுழைந்ததில்லை. பாழுங்கிணறு ஏதாவது இருந்து புல்டோசர் உள்ளே விழுந்துவிடுமோ என்று பயம். "உலகம் பூரா மேலேருந்து பாக்குற. என் காட்டையும் பாத்துச் சொல்லேன்."

எம்மட் பார்த்தார். இலையுதிர்ந்த குளிர்காலப் படம். புதருக்குள் ஆழமில்லாத ஒரு வட்டப் பள்ளம். வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"அங்க ஒண்ணுமில்ல. சும்மா ஒரு பள்ளம். முள்ளையெல்லாம் அதுலயே தள்ளி மூடிடு."

மூன்றாம் நாள் காலை புல்டோசர் உறுமத் தொடங்கியது. காப்பியும் கையுமாக எம்மட் ஒடெட்டுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். எந்த ஊர், எப்படிப்பட்ட வீடு என்று அவள் வெகுநாளாகக் கேட்டிருந்தாள். முதல்முறையாகத் தன் வீட்டின் படத்தை அனுப்பினார். பத்து நிமிடத்தில் அவளே போனில் வந்தாள்.

"வீடு அழகா இருக்கு. பின்னாடி ஒரு வட்டம் இருக்கே, அதத் திருப்பிப் பாத்தீங்களா?"

"அது பக்கத்துக்காரனோட முள்ளுக்காடு," என்று சிரித்தார்.

"நான் கேட்டது அது இல்லையே."

ஒரு கையால் படத்தைத் திருப்பினார். பள்ளம் மெல்ல எழுந்து மேடாகி நின்றது. நாலாபுறமும் ஒரே சரிவு. சுற்றி, கவராயம் வைத்துப் போட்டதுபோல ஒரு மெல்லிய வளையம். எந்த இயந்திரமும் இப்படிக் குவிக்காது. கூடை கூடையாகக் கையால் சுமந்து கொட்டிய மண். அந்த வட்டாரத்தில் பிறந்த எவருக்கும் அது என்னவென்று தெரியும். ஏர் உழுது அழித்ததுபோக மிஞ்சிய, பழங்குடி மக்களின் ஈமமேடு. உள்ளே மனிதர்கள் உறங்குகிறார்கள்.

உலகம் முழுவதையும் திருப்பிப் பார்த்தவர், சொந்தக் கொல்லைக்குப் பின்னால் இருந்ததைத் திருப்பிப் பார்க்கவில்லை. இருபது வருடம் தினமும் பார்த்த இடத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற அலட்சியம்.

"வண்டிச் சத்தம் கேக்குதே. யாரோ அங்க வேலை செய்றாங்களா?" ஒடெட்டின் குரல் மாறியது. "ஓடிப் போய் நிறுத்துங்க எம்மட். பக்கத்துலதானே?"

பக்கத்தில்தான். அறுநூறு அடி. அவர் போனை வைத்துவிட்டார்.

ஹார்லனைக் கூப்பிட்டார். அவன் போன் எங்கோ நிறுத்திய வண்டியில் அடித்து அடித்து ஓய்ந்தது. ரோசலியின் போன் வேலை நேரத்தில் அலமாரிக்குள் கிடக்கும். கண்காணிப்பு அதிகாரியைக் கூப்பிட்டார்; செய்தியைச் சொல்லுங்கள் என்றது பதிவுக்குரல். வேலியோரக் கொடிவரை ஓடி, சட்டையைக் கழற்றி வீசிக் கத்தினார். காதடைப்பான் மாட்டியிருந்த ஹார்லன் திரும்பவே இல்லை. பாதிப் புதர் போய்விட்டது. இரும்புத் தகட்டுக்கும் அந்த மேட்டுக்கும் நடுவில் இன்னும் இரண்டே புதர்.

இன்னும் இருபத்து மூன்று நாள். முகம் தெரியாத ஒரு குழந்தை. கொடியின் இந்தப் பக்கம் அசையாமல் நின்றால் போதும், அவளைக் கையில் வாங்கலாம். யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். கொடியைப் பிடித்தபடி நின்றார்.

ஆனால் அங்கே ஒன்றுமில்லை என்று சொன்னது யார்? அன்று நாற்சந்தியில் சொன்ன அதே வார்த்தை. அன்றும் தலையைத் திருப்பவில்லை, இன்றும் திருப்பவில்லை. அந்த வார்த்தையால் அடிபட்டவள் இன்னும் தடியூன்றி நடக்கிறாள்.

அதிகாரியின் எண்ணை மறுபடி அழுத்தினார். "நான் எம்மட் டாக்கெட். எல்லையத் தாண்டறேன். குடிக்கப் போகல. பின்னாடி நிலத்துக்குப் போயிட்டு நேரா திரும்பிடுவேன்."

கொடியைத் தாண்டியதும் கணுக்காலில் பட்டை துடிக்க ஆரம்பித்தது. தேய்ந்த முழங்கால்களோடு உழவு நிலத்தில் விழுந்து எழுந்து ஓடி, தகட்டுக்கு முன்னால் போய் நின்றார். வண்டி உலுக்கி நின்றது. ஹார்லன் காதடைப்பானை உருவிக்கொண்டு கத்தினான்.

"பைத்தியமா உனக்கு? கால்ல அத வச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கிற?"

"பள்ளம்னு சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். அது மேடு, ஹார்லன். உள்ள ஆளுங்க இருக்காங்க."

ஹார்லன் இறங்கினான். முள்ளை விலக்கி நாலு எட்டு வைத்தான். தான் மேலே ஏறிக்கொண்டிருப்பது காலுக்குத் தெரிந்ததும் அப்படியே நின்று தொப்பியைக் கழற்றினான். பிறகு, "நீ முதல்ல வீட்டுக்குப் போ," என்றான். அவன் குரலில் கேலி இல்லை.

போய்த் திரும்ப ஒன்பது நிமிடம். மதியம் அதிகாரி வந்தபோது எம்மட் கறுப்புப் பெட்டியின் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் விசாரணை. காயம்பட்டவள் என்ற முறையில் கொரீனுக்கும் தகவல் போயிருந்தது. கடைசி வரிசையில், தடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அரசுத் தரப்பில் ஒரே ஒரு தாள் காட்டினார்கள். வீட்டைச் சுற்றிய செயற்கைக்கோள் படம். அதன் மேல் எம்மட்டின் கால்பட்டை விட்டுச்சென்ற சிவப்புப் புள்ளிகள். பழைய நகரங்களின் குழிகளை மேலிருந்து தேடியவரை, அதே மேலிருந்து யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எம்மட் வெயிலையும் நிழலையும் விளக்கினார். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீறல் மீறல்தான் என்று அறுபது நாள் கூட்டினார்.

தாழ்வாரத்தில் கொரீன் வக்கீலிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினாள். பார்த்தாள். மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி பார்த்தாள்.

"மதுக்கடை ரோட்டுப் பக்கம்ல இருக்கு," என்றாள்.

"ஆமாம்மா."

"புள்ளி ஒண்ணுகூட அந்தப் பக்கம் போகல."

அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தாலும் குரல் இறுகித்தான் இருந்தது. "நான் சொன்னதுல மாத்தமில்லப்பா. பட்டையக் கழட்டுற அன்னிக்கு வரமாட்டேன்." தடி தரையில் தட்டும் சத்தம் தாழ்வாரத்தின் கடைசிவரை கேட்டது.

மூன்று ஞாயிறு கழிந்தது. நான்காம் ஞாயிறு முற்பகல், ரோசலி பின்கதவிலிருந்து அண்ணா என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்திலேயே எம்மட் எழுந்து ஓடினார்.

ஹார்லன் முட்புதரையெல்லாம் கையாலேயே வெட்டி எடுத்திருந்தான். புல்லாக எழுந்து நின்ற மேட்டின் உச்சியில் ஒரு பெண் தடியூன்றி நின்றாள். இன்னொரு கையில், சிவப்புக் குல்லா போட்ட ஒரு குழந்தை. அவர் வீட்டுக்கு வரமாட்டேன் என்ற சொல்லை அவள் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

அவர் கொடிவரை நடந்தார். முகம் தெரியாத தூரம். குல்லாவின் சிவப்பு மட்டும் தெரிந்தது. கொரீன் தடியைத் தரையில் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

எம்மட் கையை உயர்த்தினார். இன்னும் ஏறக்குறைய ஐம்பது நாள் பாக்கி. கொடிக்கம்பி அவர் காலணியின் நுனியைத் தொட்டது. அவர் அங்கேயே நின்றார்.