எல்லாக் கைகளும் மேலே

இன்று அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். எந்தத் தோட்டம் என்று எழுதப்போவதில்லை.

அரசாங்க வீட்டுத் திட்டத்துக்கு இனி போனில்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். அதற்கான செயலியை "மக்களோடு சேர்ந்து வடிவமைக்கும்" கூட்டம்.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி எல்லாவற்றையும் திரையில் காட்டிவிட்டு, "வசதி என்றால் கை தூக்குங்கள்" என்றார். கொழுந்தெடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர்களில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மருந்தெடுக்க ஹட்டனுக்குப் போகிறாராம்.

"அவ்வளவு வசதியாங்க?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட போனே இல்லீங்க. எங்க லயத்து வரிசை வீடுகள்ல பாதிப் பேருக்கு இல்ல. விண்ணப்பம் போட்டா ஒரு ரகசிய நம்பர் வருமாமே, போன் இல்லாதவங்க தலைவர் நம்பரத்தான் குடுக்கணும், அது அவரு போனுக்குத்தான் வரும்."

தலைவர் என்றால் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்.

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"அவரு பின்னாடியே நிக்கிறாரு, எப்புடிங்க சொல்றது? அவருக்கும் எனக்கும் பேச்சே இல்ல. இனி எங்க வீடு அவரு சட்டைப் பையில. நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க, நாங்க அங்கதானே கெடக்கணும்!"

ஹட்டனில் இறங்கும்போது அதிகாரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். "பயனாளர்கள் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர். செய்தியில் சேர்த்துவிடுங்கள்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாக் கைகளும் மேலே இருக்கின்றன. பின்னால் நிற்கும் தலைவர் மட்டும் தூக்கவில்லை. அவர் கையில் போன் இருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் அந்த நம்பர் யார் போனுக்கு வரும்?