ஓஹியோ ஜாடியில் துளசி

என் கணவருக்கு எந்தப் பாத்திரத்தைக் கண்டாலும் கவிழ்த்து அடியைப் பார்த்தாக வேண்டும். கல்யாணப் பந்தியில் பாயசக் கிண்ணத்தைக் கவிழ்க்கப் போனவரைத் தொடையில் கிள்ளி நிறுத்தியிருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்குச் சர்க்கரை வரும், ரத்தக்கொதிப்பு வரும். இவருக்குப் பழைய அமெரிக்க ஜாடி வந்தது.

எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி ஓஹியோவுக்குப் போன பிறகு பிடித்துக்கொண்ட கிறுக்கு இது. அந்தப் பக்கம் நல்ல களிமண் கிடைத்ததால் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் சூளை இருந்ததாம். மலிவான வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கவும் ஒவ்வொன்றாக மூடிவிட்டார்களாம். மிஞ்சிய ஜாடிகளை இப்போது வீடு காலி செய்கிறவர்கள் வாசலில் பரப்பி விற்கிறார்கள். சனிக்கிழமை காலையில் மகள் அங்கே போய் வீடியோவில் வருவாள். இங்கே ஒத்தக்கடையில் எங்களுக்கு அது சாயங்காலம்.

"அடியைக் காட்டு தாயி" என்பார் இவர். செய்தவர்களின் முத்திரை அங்கேதான் இருக்கும். மற்ற அப்பாக்கள் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், இவர் அடியைக் கேட்பார். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

இந்த வருடம் ஊருக்கு வர மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. பதிலுக்கு ஒரு பச்சை ஜாடி வருவதாயிற்று. மெருகில் முடி போல விரிசல் ஓடிய, அவர் மாதக்கணக்காய் ஏங்கிய ஜாடி. அங்கே தன் மகன் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிய சம்பந்தியம்மா அதை இரண்டு விமானத்திலும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தார், உள்ளே மண்ணும் துளசிச் செடியுமாக.

"வெறும் சாடியாவா குடுக்குறதுண்ணே? அதான் துளசி வச்சேன். அடியில ஓட்டையே இல்ல, வேர் அழுகிறாது? ஏசி மாட்ட வந்த தம்பிகிட்டச் சொல்லி, சுவத்துல ஓட்டை போடுற மிசினாலயே நடுவுல ஒண்ணு போட்டுட்டேன்" என்றார், அம்புட்டுச் சந்தோஷமாக.

நடுவில்தான் முத்திரை.

இவர் வாயைத் திறந்தார். நான் காபி டம்ளரை அவர் கையில் திணித்தேன். சம்பந்தியிடம் ஒரு சொல் தடித்தால் அது மறுநாளே ஓஹியோவில் மகளின் அடுப்படிக்குப் போய்ச் சேரும். அந்தம்மாள் மனசில் கள்ளமும் இல்லை.

"செடி நல்லாத் துளுத்துருக்கு தங்கச்சி" என்றார் கடைசியில். என் கணவரை நினைத்து நான் பெருமைப்பட்ட நாள் எத்தனை என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இது அதில் ஒன்று.

அதன் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. கவிழ்த்துப் பார்க்கவும் வழியில்லை, துளசியைத் தலைகீழாகப் பிடித்தால் பாவம். முத்திரையில் ஏதாவது மிஞ்சியிருக்குமோ என்ற நப்பாசை வேறு அவரை அரித்தது.

சனிக்கிழமை மகள் அழைத்தாள். "ஜாடி வந்துச்சாப்பா? அடியைக் காட்டுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு ஸ்டூலை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஜாடியைத் தூக்கி வைத்தேன். மனிதர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, கார் மெக்கானிக் மாதிரி கீழே நுழைந்தார். நான் டார்ச் பிடித்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை, பாவமாகவும் இருந்தது.

ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னப்பா தெரியுது?"

"செஞ்சவுக பேரு போயிருச்சு தாயி. ஓரத்துல யூ.எஸ்.ஏ.ன்னு மட்டும் இருக்கு. நீ இருக்குற ஊரு இருக்குல்ல, போதும்."

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். துளசித் தண்ணீர் சொட்டிவிட்டது என்றார். அன்றைக்கு நான் செடிக்கு இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை.