பழனியம்மாள் உட்கார்ந்திருந்த நாள்

செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில் சமையல் உதவியாளர் சாந்தி வகுப்பு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், பழனியம்மாக்கா போயிட்டாங்க. பஸ் ஸ்டாப்புலயே உழுந்துட்டாங்களாமா." சூலூரில் நம் பள்ளியின் சத்துணவுச் சமையலர் பழனியம்மாளை, அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்த பழைய மாணவர்களான உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இரண்டு வருடமாக அவருக்குப் படபடப்பு வந்து போய்க்கொண்டிருந்தது. சோற்றுக் குண்டாவைத் தூக்கிக் கஞ்சி வடிக்கும்போதுதான் பெரும்பாலும் வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "நெஞ்சுக்குள்ள தறி ஓடறாப்புல இருக்குதுங்க டீச்சர்" என்பார். பஸ் ஏறிக் கோவை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அது அடங்கிவிடும். ஈசிஜி நன்றாக இருக்கும். ஒருவர் வாயு என்றார், ஒருவர் வயசு என்றார், இன்னொருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டென்ஷன் என்று எழுதினார். டென்ஷனாம். இத்தனை பிள்ளைகளுக்குச் சமைத்தும் ஒரு நாளும் குரல் உயர்த்தாத மனுஷி அவர்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். "இப்ப எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டதும், "இப்ப சௌரியமா இருக்குதுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். டாக்டரும் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் அவரைத்தான் திட்டினேன். "இல்லாததை இருக்குதுன்னு எப்படிங்க சொல்றது?" என்றார்.

கடைசியில் நான் சண்டை போட்டதால், ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை மாட்டி அனுப்பினார்கள். கூடவே ஆங்கிலத்தில் ஒரு தாள். மார்பில் ஒயர்களோடு பள்ளிக்கு வந்தவரை நாங்கள் அடுப்புப் பக்கமே விடவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கஞ்சியை நானும் சாந்தியும் வடித்தோம். "சும்மா உக்கார வெச்சா கையுங்காலும் ஓடமாட்டேங்குதுங்க" என்று நெளிந்தார். அன்று படபடப்பு எட்டியே பார்க்கவில்லை. ரிப்போர்ட் நார்மல்.

காரியத்தன்று அவருடைய மருத்துவக் கோப்பில் இருந்த அந்தத் தாளைப் படித்தேன். வழக்கமான வேலைகளை எல்லாம் செய்யுங்கள், படபடப்பு வந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. ஆங்கிலம் தெரியாத பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை நீட்டியவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். அன்று அதைப் படிக்காமல் மடித்து அவர் பையில் வைத்தவளும் நானே.

ரிப்போர்ட் வந்த அன்று அவர் கேட்டார்: "பொய் சொல்லிப்போட்டேன்னு நெனைச்சுக்குவீங்களா டீச்சர்?" அதன்பின் படபடப்பைப் பற்றி யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. அவரிடமிருந்து என்னோடு இருக்கப்போவது அந்தக் கேள்விதான். அன்று சிரித்து மழுப்பினேன். ஒரு நொடி நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.