மத்தியானத்தில் தூங்கும் பட்டணம்

ஊர் பார்க்கப் போகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கொடைக்கானல் நகரசபை அலுவலகத்தில் என் உத்தியோக காலம் முழுவதும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூண் பாறையைப் பார்க்க மைல் கணக்கில் நடப்பார்கள். அவர்கள் போய்ச் சேரும் நேரத்தில் மஞ்சு இறங்கிப் பாறையை மூடியிருக்கும். வெள்ளைத் திரை ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வந்து, நகரசபை இதற்கு என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டு எழுதுவார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் எழுதுவது என் வேலை. நான் ஓய்வு பெற்ற அன்றும் மஞ்சு பரிசீலனையில்தான் இருந்தது.

ஆகவே நானே ஒரு ஊரைப் பார்க்கக் கிளம்பியபோது அதை முறைப்படி செய்வது என்று தீர்மானித்தேன். ஊர் புதுச்சேரி. இரண்டாவது யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு. அப்போது அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி. தனிப் போலீஸ், தனிச் சட்டம். ரயிலில் ஓர் இரவு உட்கார்ந்தால் பாஸ்போர்ட் இல்லாமல் இன்னொரு ராஜ்ஜியத்துக்குள் போய்விடலாம் என்பது எனக்கே கொஞ்சம் முறைகேடாகத்தான் பட்டது.

பயணம் என்னுடையதல்ல. எங்கள் பஜாரில் பூம்பாறைப் பூண்டும் உருளைக்கிழங்கும் மொத்த வியாபாரம் செய்த ராவுத்தருடையது. அவருடைய மகளுக்குப் புதுச்சேரியில் ஒரு துணிக்கடைக்காரர் மகனைச் சொந்தக்காரர்கள் பேசியிருந்தார்கள். ராவுத்தருக்குப் பையனைப் பார்க்கவேண்டும். பையனுக்குத் தெரியாமல் பார்க்கவேண்டும்.

“சார், ஒங்களுக்குத்தான் செண்பகனூர்ப் பாதிரிச் சாமியார்கிட்ட படிச்ச பிரெஞ்சு இருக்குல்ல. எங்ககூட வாங்க. ஊர் பாக்க வந்த மாதிரி ரெண்டு எடத்தப் பாப்போம். அப்படியே கடைப் பக்கம் ஒரு நட நடந்துட்டு வந்துருவோம்” என்றார்.

“சொல்லிவிட்டே போகலாமே, ராவுத்தரே?”

“சொல்லிட்டுப் போனா கடைக்கு வெள்ளையடிச்சு, பக்கத்து வீட்டு நாற்காலியெல்லாம் கொண்டாந்து போட்டுருவாக. தணிக்கைக்குப் போறப்ப நீங்க சொல்லிட்டா போனீங்க?”

நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

ராவுத்தரின் மனைவியும் வந்தார். வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, ரயிலில் பாதி தூரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ராவுத்தர் குறட்டை விட ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, பையன் படத்த எம் மக அவ பெட்டிக்குள்ள சேலைக்கடியில வச்சிருக்கா. நான் பாத்தது அவளுக்குத் தெரியாது. இவுகளுக்கு எதுவுமே தெரியாது. இது ஒத்து வரலைன்னா, பாலசமுத்திரத்துல இருக்கற தன் தங்கச்சி மகனுக்குக் குடுத்துருவாக. அவன் ஒக்காந்த எடத்தவிட்டு எந்திரிக்க மாட்டான். ஒரு வீட்டுல ஒருத்தர் ஒக்காரலாம். அவளும் சேந்து ஒக்கார முடியுமாண்ணே?”

முடியாது என்று ஒப்புக்கொண்டேன். ராவுத்தரின் மகள் பஜாரிலிருந்து ஏரி வரை ஓடியே போய்வருகிற ரகம்.

விழுப்புரத்தில் வண்டி மாறி, காலையில் புதுச்சேரியில் இறங்கினோம். ராவுத்தர் மலையில் போட்ட கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. சம்பந்தம் பேசப் போகும் இடத்தில் கோட்டு இல்லாமல் நிற்பதா என்பது அவர் கட்சி. சம்பந்தம் பேசவே போகவில்லை என்பதை நினைவூட்டினேன். கோட்டு அப்படியே இருந்தது. கோட்டுக்குள்ளே ராவுத்தர் உருகிக்கொண்டிருந்தார்.

புதுச்சேரியைப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் கடற்கரைக்குப் போங்கள். கடலுக்குள் நீண்டு கிடக்கும் இரும்புப் பாலமும், அதன் எதிரே பழைய கவர்னர் ஒருவரின் சிலையும் உண்டு. சிலையைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கல்தூண்கள். இங்கேயும் தூண்கள்தான்; ஆனால் மஞ்சு கிடையாது, வைத்த இடத்தில் தெரிகின்றன. பிறகு கவர்னர் மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் உட்காருங்கள். பிறகு பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு நடை, அந்தப் பக்கம் ஒரு நடை. கடல் பக்கம் வெள்ளைக்காரர் வீடுகள், மஞ்சள் சுவர், உயரமான ஜன்னல். மறுபக்கம் நம்மவர்கள், கடைகள், சத்தம். வாய்க்காலின் நாற்றம் இரு தரப்பாருக்கும் பொது.

புஷ் வண்டியில் ஏறலாம்; ஆனால் முன்னால் உட்காராதீர்கள். வண்டிக்காரர் பின்னாலிருந்து தள்ளுவார். முன்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துத் திருப்பவேண்டியது பிரயாணியின் பொறுப்பு. தள்ளுகிறவருக்கு வழி தெரியும், திருப்புகிறவருக்குத் தெரியாது. நான் பார்த்த பல அலுவலகங்கள் இந்த ஏற்பாட்டில்தான் நடந்தன என்பதால் எனக்கு இது புதிதாகப்படவில்லை. ராவுத்தர் ஆசைப்பட்டுக் கம்பியைப் பிடித்தார். பூங்காவின் மூலையில் வண்டி வாய்க்காலை நோக்கி உற்சாகமாகப் புறப்பட்டது. வண்டிக்காரர் பின்னாலிருந்து இழுத்து நிறுத்தினார்.

“இன்னா முசியே, சாராயம் போட்டவங்கதான் எங்க ஊருல இப்பிடி ஓட்டுவாங்க. நீங்க ஒண்ணுமே போடாம ஓட்டறீங்களே!”

“ஏலே, எங்க ஊர்ல ரோடு தன்னால வளையும்லே. நாங்க திருப்ப வேண்டியதில்ல” என்றார் ராவுத்தர்.

துணிக்கடை, முஸ்லிம்கள் வசிக்கும் முல்லா வீதிப் பக்கம் என்று தெரியும். வழி கேட்கவேண்டிய கட்டம் வந்ததும் என் பிரெஞ்சுக்கு வேளை வந்தது. சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவரை அணுகி, இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லாத நீண்ட வாக்கியத்தில் கேட்டேன். அவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “நேராப் போய்ச் சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க” என்றார்.

“சார், இந்தப் பிரெஞ்சு நம்ம தமிழ் மாதிரியேல்ல கெடக்கு!” என்றார் ராவுத்தர். அவர் மனைவி துப்பட்டிக்குள் இருமினார். அது இருமல் அல்ல.

நிரலில் கடைக்கு நான் ஒதுக்கியிருந்தது உச்சிப்பொழுது. காரணத்தோடுதான் ஒதுக்கினேன். எங்கள் பஜாரில் காலையில் மஞ்சு, சாயங்காலம் மறுபடி மஞ்சு. வெயில் தலைக்கு மேல் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வியாபாரம். ஒரு கடையின் யோக்கியதையை அறிய வேண்டுமானால் நடுப்பகலில் போய் நிற்கவேண்டும் என்பதில் எனக்கும் ராவுத்தருக்கும் இரண்டு அபிப்பிராயம் இருந்ததில்லை.

போய் நின்றோம். கடை சாத்தியிருந்தது. பலகைக் கதவுகள் மேலிருந்து கீழ்வரை போட்டிருந்தன. பக்கத்தில் ஒரு தகரப்பெட்டிக் கடை, அதுவும் சாத்தியிருந்தது. தெருவில் ஒரு நாய் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாசலில் கட்டிலில் படுத்திருந்த ஒரு ஆளை, கதவைத் தட்டிய தட்டலில் ராவுத்தர் எழுப்பிவிட்டார்.

“கடை எப்ப தொறக்கும்?”

“தூங்கறாங்க” என்றார் அந்த ஆள், ஒரு கண்ணை மட்டும் திறந்து.

“யாரு, பெரியவுகளா?”

“பெரியவர், சின்னவர், எல்லாருந்தான். அப்பறமா வாங்க.” திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ராவுத்தர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. மலையில் பகலில் படுக்கிறவர்கள் ஒரே ஒரு வகைதான்: சமவெளி டாக்டர்கள் நல்ல காற்றுக்காக அனுப்பிவைக்கும் நோயாளிகள். வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு பகலெல்லாம் கண்ணை மூடியிருப்பார்கள். வயசுப்பிள்ளை ஒருவன் வியாபார நேரத்தில் தூங்குகிறான் என்றால் எங்கள் ஊரில் அடுத்து வரும் கேள்வி, எந்தப் பக்க நுரையீரல் என்பதுதான்.

“சீக்காளி” என்றார் ராவுத்தர். “மூடி மறைச்சுட்டானுக. நல்ல வேளை, வந்து பாத்தோம். வாங்க, டேசனுக்குப் போவோம். ஊருக்குப் போனதும் மொத சோலி, பாலசமுத்திரத்துக்கு ஆள் அனுப்பறதுதான்.”

அவர் மனைவி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் சேலைக்கடியில் இருக்கும் படத்தை அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனை நோக்கி நடந்தோம். புஷ் வண்டி எதுவும் கிடைக்கவில்லை. வண்டிகளுக்குள்ளேயே வண்டிக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்கவேண்டும். ரொட்டிக்கடை சாத்தியிருந்தது. மருந்துக்கடை சாத்தியிருந்தது. ஒரு சர்க்கார் கட்டடத்தின் கதவும் சாத்தியிருந்தது. சாத்திய சர்க்கார் கதவைத் தாண்டிப் போவது என் சுபாவத்தில் இல்லை. நின்று, அதில் மாட்டியிருந்த பலகையைப் படித்தேன். அந்தப் பயணத்தில் என் பிரெஞ்சு உபயோகப்பட்டது அந்த ஒரு முறைதான். காலை வேலை உச்சிப்பொழுதுக்கு முன்பே முடிகிறது. மீண்டும் மூன்று மணிக்குத்தான் திறக்கும். நடுவில் இருப்பது சட்டப்படியான, சர்க்கார் முத்திரை பெற்ற தூக்கம்.

“ராவுத்தரே, பையன் சீக்காளி இல்லை. கவர்னரே இப்போது தூங்கிக்கொண்டிருக்கிறார். இந்த ஊரின் நடைமுறை இது.”

ராவுத்தர் பலகையைச் சந்தேகமாகப் பார்த்தார். “சர்க்கார் தூங்கலாம் சார். நீங்களும்தான் ஆபீஸ்ல தூங்கினீங்க. வியாபாரி தூங்கலாமா?”

இதில் முதல் பகுதிக்கு நான் மறுப்புத் தெரிவித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி பேசினார். “ஏங்க, ரயிலு சாயங்காலந்தானே? அதுவரைக்கும் ஸ்டேசன்ல என்ன சோலி? நான் துணி பாக்கப் போறேன். அண்ணே, நீங்க வாங்க.”

மூன்று மணிக்கு அந்த ஊர் எழுந்ததைப் போல ஒரு காட்சியை நான் கொடைக்கானலில் கண்டதில்லை. யாரோ உத்தரவிட்டதுபோலத் தெரு முழுவதும் பலகைகள் கழன்றன. தண்ணீர் தெளித்தார்கள். நாயும் எழுந்தது. நாங்கள் இருவரும் கடைக்குள் போனோம். ராவுத்தர் எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில், தெருவை வேடிக்கை பார்க்கிற ஆளாக, கம்பளிக் கோட்டோடு நின்றார்.

கடையில் நின்றது பையன்தான். படத்தில் பார்த்ததைவிடக் கறுப்பு என்று ராவுத்தர் மனைவி என் காதோடு சொன்னார். நோய்க்கு இடமே இல்லாத தோள். ராவுத்தர் மனைவி அலமாரியில் இருந்த சுருள்களையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார். பிரெஞ்சுச் சீட்டிப் பருத்தி, சைகோன் பட்டு, மஸ்லின். இது மங்கல், இது பளபளப்பு, இது என் மாமியார் கட்டுகிற நிறம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். பையன் ஒவ்வொன்றையும் விரித்தான், சிரித்தான், மடித்தான். கடைசியில் அவர் ஒரு நீலப் பட்டில் கைவைத்தார்.

“அம்மா, நீங்க ரயில்ல போறவங்களா?” என்றான் பையன். “அப்ப இது வேணாம். எல்லையில இங்கிலீஷ் சுங்கக்காரங்க பட்டுக்குத் தீர்வை போடுவாங்க. இதே நீலத்துல சீட்டி இருக்கு. அதைச் சேலையாக் கட்டிக்கிட்டுப் போனா யாரும் கேக்கமாட்டாங்க.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுங்க விதி அப்படியேதான் இருந்தது. நான் கிளம்புமுன் படித்துவிட்டு வந்திருந்தேன். தனக்கு லாபம் தரும் சரக்கை வேண்டாமென்று சொல்லும் கடைக்காரனை, அதுவும் சரியான விதியைக் காட்டிச் சொல்பவனை, அதற்கு முன் நான் சந்தித்ததில்லை.

சீட்டிக்குப் பேரம் தொடங்கியது. ராவுத்தர் மனைவி பஜாரில் வளர்ந்தவர். கெஞ்சினார், கோபித்தார், வாசல்வரை போய்த் திரும்பினார். பையன் சொன்ன விலையிலிருந்து இறங்கவில்லை. சிரித்துக்கொண்டே இறங்கவில்லை. அவர் தோற்று, காசைக் கொடுத்தார். பையன் பொட்டலத்தைக் கட்டிக் கையில் தந்துவிட்டுச் சொன்னான்:

“மாமி, உள்ளே உம்மா கோப்பி போட்டு வெச்சிருக்காங்க. மாமாவையும் வரச் சொல்லுங்க. வெயில்ல எவ்வளவு நேரம் நிப்பாங்க?”

ராவுத்தர் மனைவி துப்பட்டியை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான்தான் கேட்டேன், எப்படித் தெரியும் என்று.

“மத்தியானம் இந்த ஊர்ல யாரும் கடைக்கதவைத் தட்டமாட்டாங்க சார். கம்பளிக் கோட்டு போட்டவர் ஒருத்தர் தட்டினார்னு ஆள் வந்து சொன்னான். கோட்டு எந்த ஊர்க்கோட்டுன்னு யோசிக்க ரொம்ப நேரம் ஆகலை.”

கையசைத்து ராவுத்தரை அழைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. “அப்ப நாம ஆருன்னு தெரிஞ்சுதான் அத்தன துணியையும் பல்லக் காட்டிக்கிட்டு விரிச்சுப் போட்டயா? இது என்ன சார் பரீட்சை?”

முறைப்படி அவர் சொன்னது சரி. முன்கூட்டியே தெரிந்துபோன தணிக்கை செல்லாது. அதை நான் சொல்ல வாயெடுக்கும் முன் அவர் மனைவி பொட்டலத்தை அவர் கையில் வைத்தார்.

“தெரிஞ்சிருந்தும் ஒரு காசு கொறைக்கலீங்க” என்றார்.

ராவுத்தர் பொட்டலத்தைப் பார்த்தார். “மாமியார்னு தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சும்தான்.”

“எவ்வளவு சொன்னான்?”

அவர் சொன்னார். ராவுத்தர் துணியை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பையனை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகக் கோட்டைக் கழற்றி, கடைக் கட்டிலின் மேல் போட்டுவிட்டு, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“மாப்ள” என்றார். “எம் மகளுக்கும் அதுலயே ஒரு சேலை நீளம் கிழிங்க. அதே வெலைக்கு.”