அக்கா போன இடம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், செத்தவர்கள் எங்கே போகவேண்டும் என்பது பாதி என் கையில்தான் இருந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஆள் வந்தால் முதலில் அதைத்தான் கேட்போம். திருநீறு பூசும் குடும்பம் என்றால் சிவலோகப் பதவி, நாமம் என்றால் வைகுண்டப் பதவி, கறுப்புச் சட்டைக்காரர் என்றால் இயற்கை எய்தினார். விபத்தில் போனவர்களுக்கு மட்டும் எந்த உலகமும் கிடையாது. அகால மரணம் என்று போட்டு நிறுத்திவிடுவோம்.

விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்துக்கொண்டிருந்த என் அக்கா வெடிவிபத்தில் இறந்தபோது, பெரியப்பா அந்த வழக்கத்தையே சொன்னார். தீயில் போனவளுக்குச் சிவலோகம் கிடையாது, விதித்த ஆயுசு முடிகிறவரை அலைவாள், பொய்யாகப் போஸ்டர் அடித்து ஊர் சிரிக்கவேண்டாம் என்றார். அதிலிருந்து அம்மா சோற்றைத் தொடவில்லை. பிள்ளை எந்த இருட்டில் நிற்கிறாளோ என்று அதையே அரற்றினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீபாவளி சீசனுக்கு எங்களைச் சாம்பலாக்குகிற ஊர், செத்த பிறகும் இடம் தர யோசிக்கிறதே.

அப்போது ஒரு கல்லூரி ஆசிரியரின் புத்தகம் என்னிடம் டைப் அடிக்க வந்திருந்தது. வேதங்களில் வரும் சொர்க்கம், நரகம் என்ற சொற்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்பதுதான் விஷயம். பழைய தமிழில் நரகத்துக்கு அளறு என்று பெயராம், அதாவது சேறு. வைப்பாறு காய்ந்து கிடக்கிற ஊரில் சேற்றுக்கு எங்கே போவது என்று சிரித்துக்கொண்டே அடித்தேன். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கிறிஸ்தவ வேதத்தின் கெஹன்னா, குர்ஆனின் ஜஹன்னம் இரண்டுமே எருசலேமுக்கு வெளியே இருந்த ஒரு பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்தவையாம். அங்கே சாமிக்கென்று சொல்லிப் பெற்ற பிள்ளைகளைத் தீயில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கொடுமையால்தான் அந்த இடத்தின் பெயர் பாவிகள் எரியும் உலகத்துக்கு ஆகிவந்ததாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்டாள்.

“பாவம் செஞ்சது தீயில போட்டவுகதானே. எரிஞ்ச பிள்ளைக எங்க போச்சாம்?”

அது புத்தகத்தில் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு சொல் செய்ய யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. மறுநாள் நானே உட்கார்ந்து, சிவலோகப் பதவி அடைந்தார் என்று அக்கா பெயரைவிடப் பெரிய எழுத்தில் அடித்தேன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் நிறுத்தத்தில் ஒட்டினேன், கம்பெனி வேன் ஆள் ஏற்றுகிற இடத்தில் ஒட்டினேன். பெரியப்பா வீட்டுச் சுவரையும் விட்டுவைக்கவில்லை.

அவர் வந்துவிட்டார். யாரைக் கேட்டு ஒட்டினாய், செத்தவள் எங்கே போனாள் என்று உனக்குத் தெரியுமா என்று என்மேல் பாய்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து வந்தாள். கணவரின் அண்ணன் முன்னால் அதுவரை அவள் நின்று பேசியதே இல்லை.

“எம்பிள்ள அங்கனதான் போயிருக்கா. இல்லங்கிறவுக போயிப் பாத்துட்டு வரட்டும்.”

பெரியப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மா என்னிடம் தட்டை எடுத்து வைக்கச் சொன்னாள்.