மைக்செட் கேஸும் பேண்டேஜ் கருப்பசாமியும்

ஊரில் யார் யோக்கியன், யார் இல்லை என்று விசாரித்து எழுதி அனுப்புவது என் தொழில். கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது, அந்த ஆள் சொன்ன விலாசத்தில்தான் இருக்கிறாரா, போலீஸ் கேஸ் ஏதும் உண்டா என்று பார்க்கும் பொறுப்பை ஓர் ஏஜென்சியிடம் விடுவார்கள். ஏஜென்சி பெங்களூரில் குளுகுளுவென்று இருக்கிறது. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே வெயிலில் ஸ்கூட்டி ஓட்டுவது நான். கணக்கெடுப்புக்கோ, இன்சூரன்ஸுக்கோ, கடன் வசூலுக்கோ அடுத்தவர் வாசலில் நின்று கேள்வி கேட்டுப் பழகிய புண்ணியவான்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. நாய் முதலில் வரும், சந்தேகம் அடுத்து வரும், குடிக்கத் தண்ணீர் கடைசியில்தான் வரும்.

பெண் கொடுக்க வந்தவள்

நம் பக்கத்தில் ஓர் ஆம்பளையைப் பற்றி நாலு வீட்டில் கேட்டால் அது கல்யாண விசாரணைதான். உலகத்தில் வேறு விசாரணை இருப்பதாக யாரும் ஒத்துக்கொள்வதில்லை. கம்பெனிப் பெயரைச் சொல்லி, வேலை விஷயமாக வந்திருக்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னாலும், "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று கேட்பார்கள்.

மம்சாபுரத்தில் கருப்பசாமி என்பவரை விசாரிக்கப் போனேன். தகப்பனார் பெயர் மாரியப்பன். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். ஓசூரில் மருத்துவச் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. வீடு பூட்டியிருந்ததால், எதிர் வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கருப்பசாமி எப்படி என்று கேட்டேன். தங்கமான பையன், பாக்குகூடப் போட மாட்டான் என்றார். கேஸ் ஏதும் உண்டா என்றேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல ஒன்று சொன்னார். அடுத்த வீட்டிலும் முக்குக் கடையிலும் எழுத்துப் பிசகாமல் அதையேதான் சொன்னார்கள்.

"கேசெல்லாம் பேண்டேஜ் கம்பெனிக்குப் போற கருப்பசாமி மேலதான் தாயி, இந்தப் பையனுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

சிவப்பும் பச்சையும்

நான் விசாரிக்கப் போனதே பேண்டேஜ் கம்பெனிக்குப் போகிற கருப்பசாமியைத்தான். இவர்கள் வேறு எந்தப் பையனைத் தங்கம் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டேன். அங்கே டீம் லீடர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஓர் அடிதடி வழக்கு. கருப்பசாமி, தகப்பனார் மாரியப்பன், ஊர் மம்சாபுரம், அபராதம் கட்டி முடிந்தது.

ஊரும் கம்ப்யூட்டரும் ஒரே பேச்சாகப் பேசிவிட்டால் என் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஆனால் நம் ஊரில் மூன்று பேர் ஒரு விஷயத்தை ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை. செங்கோட்டை ரயில் எப்போது என்று கேட்டாலே மூன்று பதில் வரும். ஆளை நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று கெஞ்சினேன். திங்கட்கிழமை சாயங்காலம் வரை பொறுப்பதாகச் சொன்னார்.

"பாருங்க மேடம், ஆனா நம்ம சிஸ்டம்ல பச்சை இருக்கு, சிவப்பு இருக்கு, பாவம்னு ஒரு கலர் கிடையாது."

ஒரே தாத்தா

கருப்பசாமியை ஷிப்டு முடியும் நேரத்தில் கம்பெனி வாசலில் பிடித்தேன். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பேச வாயெடுத்தவர் முதலில் இருமி முடிக்க வேண்டியிருந்தது. இனிப் பஞ்சுப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓசூர் வேலை தூசி நுழையாத கண்ணாடி அறைக்குள். அதை நம்பி இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார், அவருடைய மெஷினுக்கு வேறு ஆளும் வந்தாயிற்று. கேஸ் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், வெட்கப்பட்டார்.

தாத்தா பெயர் கருப்பசாமி. மாரியம்மனுக்கு நேர்ந்து பிறந்த அவருடைய மகன்கள் பெரிய மாரியப்பன், சின்ன மாரியப்பன். இரண்டு பேரும் வழக்கப்படி தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெரியதும் சின்னதும் விட்டுப்போக, ஒரே தெருவில் ஒரே தகப்பன் பெயரோடு இரண்டு கருப்பசாமிகள். ஊருக்கு இதில் குழப்பமே இல்லை. பெரியவர் மகன் பேண்டேஜ், சின்னவர் மகன் மைக்செட்.

கோயில் பொங்கலில் ஸ்பீக்கர் வயரை அறுத்தவனை அடித்து, அபராதம் கட்டியவர் மைக்செட். அதிலிருந்து அவருக்குப் பெண் அமையவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேஸைக் கேள்விப்பட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியில் குடும்பம் கூடி உட்கார்ந்து, கேஸைப் பேண்டேஜ் தலையில் கட்டிவிட்டது. அவருக்குத்தான் கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறதே. தெருவுக்கும் வீடு வீடாகச் சொல்லிவைத்தார்கள். பெண்ணும் அமைந்தது, வருகிற வியாழக்கிழமை முகூர்த்தம். தெரு என்னைப் பெண் வீட்டு ஆளாக நினைத்து, சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவதென்றே தெரியவில்லை.

"எனக்குத்தான் எல்லாம் ஆயிப்போச்சே, இனிமே நம்மள யாரு வந்து விசாரிக்கப் போறான்னு சரின்னுட்டேங்க்கா."

வியாழக்கிழமைக்குப் பொறவு

கோர்ட்டில் நகல் வாங்கி, கையெழுத்தை ஒப்பிட்டு நிரூபிக்கலாம். அதற்குள் ஓசூரில் வேறொருவர் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பார். குறுக்கு வழி ஒன்றுதான் என்றார் டீம் லீடர். அந்தக் கேஸ் என்னுடையது என்று உண்மையான ஆள் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும்.

மைக்செட் கடைக்குப் போனேன். தன் கல்யாணத்துக்கு வேறு ஆளின் செட்டை வைப்பது கௌரவக் குறைச்சல் என்று, அவரே ஸ்பீக்கர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. அண்ணன் வேலை போகப்போகிறது என்றதும் முகம் செத்துப்போய்விட்டது. ஆனால் பெண்ணுக்குத் தாய்மாமன் கோர்ட்டுக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே ஒரு காகிதம் நகர்ந்தால் அரை மணியில் பெண் வீட்டில் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக வந்து எழுதித் தருவதாகச் சொன்னார். திங்கட்கிழமைதான் கெடு என்று எடுத்துச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தாலி மட்டும் ஏறட்டும்க்கா, பொறவு அந்த ஒரு கேஸ் என்ன, இந்த ஊரு கேஸ் அம்புட்டையும் எம்பேர்லயே எழுதிக்கிடுங்க."

மகேஸ்வரி

பேண்டேஜ் வீட்டில் போய் நிலவரத்தைச் சொன்னேன். தம்பியை வற்புறுத்த மாட்டேன் என்றார். ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு இப்போது பின்வாங்குவது அசிங்கம் என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் மனைவி மகேஸ்வரி காபி டம்ளரோடு உள்ளே நின்றிருந்தார். புருஷன் தலையில் கேஸைக் கட்டிய அன்றைக்கு, அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காபியை என் கையில் கொடுத்துவிட்டு, என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தார். கல்யாணப் பெண் செல்வி எந்த மில்லில் வேலை பார்க்கிறாள், ஷிப்டு எப்போது விடும் என்று தனக்குத் தெரியும் என்றார். போய் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். அதைப் பற்றி உங்களுக்கு எதற்கு என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

"இவிய வாயத் தொறக்க மாட்டாக, கொழுந்தனாரும் தொறக்க மாட்டாரு, நீங்க திங்கக்கிழமை காலைல நோட்டரிகிட்ட வந்து நில்லுங்கக்கா, போதும்."

நோட்டரி முன்னால்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் மேஜையைப் போட்டு உட்கார்ந்திருக்கும் நோட்டரி வக்கீலிடம் போய் நின்றேன். முதலில் இரண்டு கருப்பசாமிகளும் வந்தார்கள். பேண்டேஜை மகேஸ்வரி அனுப்பியிருந்தார். மைக்செட் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பெண் வரச் சொன்னாள், வந்துவிட்டேன், எதற்கென்று தெரியாது என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. கொஞ்ச நேரத்தில் மகேஸ்வரியும் செல்வியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மைக்செட் அப்படியே சிலையாகிவிட்டார். போட்டோவோடு முகத்தை ஒத்துப் பார்க்க வேண்டும், கழற்றுப்பா என்று வக்கீல் அதட்டினார். கழற்றியபோது முகமெல்லாம் வேர்வை.

"யாரை அடிச்சீங்க?" என்று கேட்டாள் செல்வி. அவர் அறுந்த வயரில் ஆரம்பித்து அபராதம் கட்டியது வரை ஒன்று விடாமல் சொன்னார். டைப் அடிக்கும் பெண்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். செல்வி ஆட்டோ நின்ற பக்கம் பார்த்தாள். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நான் முடிவு கட்டினேன். மைக்செட் கையெழுத்துப் போட்டதும், சாட்சி யார் என்று வக்கீல் கேட்டார். பேண்டேஜ் ஏதோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் இருமினார். செல்வி அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேஜைக்கு முன்னால் வந்தாள்.

"இந்த அண்ணன் இருமுறதைக் கேட்டுக்கிட்டே நான் தாலி வாங்கணுமாக்கும், பேனாவக் குடுங்க சார்."

அன்று சாயங்காலமே பெங்களூரில் பச்சை விழுந்தது, வியாழக்கிழமை தாலியும் ஏறியது, கேஸைத் தலையில் கட்ட ஒரு குடும்பமும் இறக்கிவைக்க ஒரு கல்யாணப் பெண்ணும் வேண்டியிருந்த இந்த விவகாரத்தில், என் பதவிக்குப் பெயர் சரிபார்ப்பு அதிகாரி.